எவ்வளவு பாதி

அமுக்கினால் பச்சை விளக்கு எரிகிறது.
காற்றும் வருகிறது,
நெல் அவித்த அண்டாவை அப்போதுதான் திறந்தது மாதிரி.

செம்மண்டலத்து மெக்கானிக்
பானட்டைத் தூக்காமலே சொன்னான்:
"கேஸ் போயிருக்கும்மா. ரெண்டாயிரத்து நானூறு."
இவர் பர்ஸை எடுத்துவிட்டார்.
தெய்வசிகாமணிக்கு யார் எதைச் சொன்னாலும்
கை பாக்கெட்டுக்குப் போய்விடும்,
நான் சொல்வதைத் தவிர.

டெலிபோன் ஆபீசில் இருபத்தாறு வருஷம்
பழுதுப் பிரிவில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தவள் நான்.
"டோன் வருது மேடம், லைன் போகல"
என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர்.
விளக்கு எரிந்தால்
கரண்ட் விளக்கு வரைக்கும் வந்திருக்கிறது.
அதற்கு மேல் அது எதற்கும் சாட்சி இல்லை.

சனிக்கிழமை. அக்னி நட்சத்திரத்தில் ஒன்பதாம் நாள்.
கூத்தப்பாக்கத்தில் வீட்டு வாசலிலேயே
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு
பழைய ஜென்னின் முன்சீட்டில் தலைகீழாகப் படுத்தேன்.
கேஸ் விற்காதவள் கேஸிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.
ஃபியூஸைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே காட்டினேன்.
கம்பி முழுசாக இருந்தது.
ஏசி ரிலேவைக் கழற்றி ஹாரனுக்கு மாட்டினேன்.
எதிர்வீட்டு நாய் எழுந்து தெருமுனைக்கே ஓடியது.
ரிலே நல்லவன்.
கடைசியில் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டை உருவி
அதன் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து
ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கை வளைத்துச் சொருகினேன்.

டக்.

கம்ப்ரசர் பிடித்தது.
இஞ்சின் ஒரு நொடி தடுமாறி
சுமை ஏற்றிக்கொண்டவன் போல நிமிர்ந்தது.
"கேஸ் இருக்கு" என்றேன், மூக்கு நுனி குளிர.
இவர் பதில் சொல்லவில்லை.
பேசி மூன்று நாள் ஆகிறது.
அது வேறு லைன்.

சுவிட்சைப் பிரித்தேன்.
பித்தளை நாக்கு கருகியிருந்தது.
எந்தக் காலத்திலோ சிந்திய காப்பி, பிசினாக.
அதில் ஒரு எறும்பு, தட்டையாக.
நாங்கள் சிந்தவில்லை.
லாஸ்பேட்டை பல் டாக்டர் ஒருவரிடமிருந்து
மூன்றாவது கையாக வந்த வண்டி.
யாரோ யாருடனோ எங்கேயோ போகும்போது
திடீரென்று பிரேக் போட்டிருக்கிறார்கள்.

உப்புத்தாளில் தேய்த்ததில் கருப்பு போனது.
ஸ்பிரிங்குக்குத்தான் உயிர் வரவில்லை.
முழுக்க அமுக்கினால் விளக்கு மட்டும்.
பாதி அமுக்கி, கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்த்து
அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால், டக்.
கையை எடுத்தால் போச்சு.
ஊக்கையே விட்டுவைக்கலாம்தான்,
முதல் குழியில் நழுவி எதைத் தொடுமோ.

சாயந்திரம் முதலியார்பேட்டையில் நிச்சயதார்த்தம்.
இவர் ஓட்டினார்.
பட்டுப்புடவையில் நான் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு போனேன்.
ஆல்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஆள்காட்டி விரல்.
முள்ளோடையில் மலிவு பெட்ரோலுக்கு நின்றபோது
உதறிவிட்டு நடுவிரல்.
கிருமாம்பாக்கத்தில் அதுவும் மரத்துப்போய்க் கட்டைவிரல்.
விரல் மாறும் ஒவ்வொரு முறையும்
கம்ப்ரசர் விட்டு, பிடித்தது.
ஒவ்வொரு முறையும் இவர் திரும்பினார்,
என்னைப் பார்க்கவா சுவிட்சைப் பார்க்கவா,
எனக்குத் தெரியாது.

தவளக்குப்பத்தில் வண்டிகள் அசையவில்லை.
கியரில் இருந்த இடக்கையை எடுத்து
என் விரலைத் தள்ளிவிட்டு
தன் விரலை வைத்தார்.
முழுக்க அமுக்கினார், எல்லாவற்றையும் போல.
பச்சை விளக்கு எரிந்தது. காற்று சூடாயிற்று.

"பாதிதான்" என்றேன்.

"எவ்வளவு பாதி?"

முன்னால் வழி விட்டிருந்தது.
பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான்.